அலையாத்திக் காட்டை மீட்டெடுக்க: முதலில் தண்ணீர், அப்புறம் நாற்று

சோழமண்டலக் கரையில் அலையாத்தி (மாங்குரோவ்) நட விரும்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். கல்லூரி மாணவர்கள், நிறுவனங்கள், ஊர் இளைஞர் மன்றங்கள் என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது, "நாற்று எங்கே கிடைக்கும்?" என்பதுதான். இந்த வேலையில் அந்தக் கேள்வி எட்டாவது இடத்தில் வர வேண்டியது. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஏழு வேலைகளைத் தாண்டிக் குதிப்பதால்தான் நட்டதெல்லாம் இரண்டாவது கோடைக்குள் கருகிப்போகிறது.

பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற கழிமுகங்களில் காட்டை இழந்து உவர்ந்து கிடக்கும் நிலத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மற்ற கரைகளில் அளவுகள் மாறும், வரிசை மாறாது.

1. நாட்காட்டியும் கருவிகளும்

குறைந்தது இரண்டு வடகிழக்குப் பருவமழைக் காலங்கள் கையில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். முதல் ஆண்டு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அளவெடுப்பு, வாய்க்கால் வெட்டு. அந்த ஆண்டு மழையில் மண் கழுவப்படும், அதே சமயம் நாற்றங்கால் போடலாம். நடவு அடுத்த ஆண்டு மழைக்குத்தான். ஓர் ஆண்டுத் திட்டத்துக்குப் பணம் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தில் அளவெடுப்பையும் வாய்க்காலையும் மட்டும் முடித்துக்கொள்வது நல்லது.

இங்கே எச்சரிக்கை ஒன்று. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள், ஜூலை 26 அலையாத்திகளுக்கான உலக நாள். இரண்டுமே நம் கிழக்குக் கரைக்கு வறண்ட காலத்தில் வருகின்றன. ஆற்றில் தண்ணீர் இருக்காது, மண்ணில் உப்பு உச்சத்தில் இருக்கும். விழா நடத்தத்தான் வேண்டுமென்றால் அன்றைக்கு வாய்க்காலில் குப்பை வாருங்கள், நாற்றங்கால் பாத்தி கட்டுங்கள். நாற்று மட்டும் நடாதீர்கள்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்), அளவுக் குறி போட்ட மூங்கில் குச்சிகள், நூல், உப்பு அளக்க ஒரு ரெஃப்ராக்டோமீட்டர், மண்வெட்டிகள், ஒரு கெட்டி அட்டை நோட்டு, இடம் குறிக்கும் வசதியுள்ள கைபேசி. இவற்றோடு உங்கள் நிலத்தை ஒட்டிய ஓடையில் தினமும் தொழிலுக்குப் போகும் மீனவர் ஒருவர் வேண்டும். அவர் இல்லாமல் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை.

2. இந்த இடத்தில் காடு ஏன் இல்லை?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். காரணம் நீங்காத இடத்தில் எத்தனை நாற்று நட்டாலும் அதே காரணம் அவற்றையும் கொன்றுவிடும்.

பெரும்பாலும் காரணம் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். முதலாவது, மரம் வெட்டியதால் தரை தாழ்ந்துபோனது. பிச்சாவரத்தில் இதுதான் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அங்கே காட்டைக் கூறு போட்டு, கூறு கூறாக மொத்தமாக வெட்டினார்கள். நிழல் போன சதுப்பு வெயிலில் காய்ந்து அமுங்கி நடுவில் பள்ளமானது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் மிஞ்சியது. அந்த உப்பில் எந்த விதையும் முளைக்கவில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கண்டறிந்த பிறகு, வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து அந்தப் பள்ளங்களுக்கு வாய்க்கால் வெட்டியது. காடு திரும்பியது.

இரண்டாவது, யாரோ கட்டிய தடை. சாலை, இறால் பண்ணைக் கரை, உப்பளக் கரை, ஓடையின் குறுக்கே போட்ட மண்பாதை. பாதைக்கு அடியில் குழாய் போட்டிருப்பார்கள். ஆனால் குழாயின் வாய் சாதாரண ஏற்றத்தின் மட்டத்தைவிட உயரத்தில் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மட்டும் கொஞ்சம் தண்ணீர் வழிந்து வரும், மற்ற நாளெல்லாம் உள்ளே இருக்கும் சதுப்பு காயும். இப்படிப்பட்ட இடத்தில் குழாயை ஒன்றரை அடி இறக்கிப் பதித்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, நன்னீர் வரத்துக் குறைவு. அலையாத்தி கடல்நீரைத் தாங்கும், ஆனால் ஆற்றுநீரும் வண்டலும் கலக்கும் இடத்தில்தான் பல இனங்களாகத் தழைக்கும். காவிரியின் கடைமடையில் ஆண்டின் பெரும்பகுதி ஆறு கடலைத் தொடுவதே இல்லை. இதை உங்கள் குழுவால் மாற்ற முடியாது. அதனால் உப்பை அதிகம் தாங்கும் இனத்தையே நம்ப வேண்டியிருக்கும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது காரணம்தான் புதியவர்கள் கண்ணில் படாதது: அங்கே என்றைக்குமே காடு இருந்ததில்லை. வற்றத்தில் பளபளவென்று தெரியும் சேற்றுத் திட்டைப் பார்த்ததும் "காலி இடம்" என்று நினைத்துவிடுகிறார்கள். குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வரும் உள்ளான் பறவைகள் புழு பொறுக்கித் தின்பது அந்தச் சேற்றில்தான். கடற்புல் படுகையும் அப்படியே. ஒரு வாழிடத்தை அழித்து இன்னொன்றை உண்டாக்குவது பல்லுயிர்ப் பாதுகாப்பு ஆகாது. அதிலும் அந்தத் திட்டில் நட்டது பிழைப்பதும் இல்லை, ஏனென்றால் நாளின் பெரும்பகுதி அது தண்ணீருக்கடியில் கிடக்கிறது.

விடையை எங்கே தேடுவது? அறுபது வயதைத் தாண்டிய மீனவர்களிடம் கேளுங்கள். "இங்கே மரம் இருந்ததா?" என்று கேட்டால் "ஆமாம், இருந்தது" என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவார்கள். "இந்த ஓடைக்குப் பேர் என்ன, முன்னே படகு எதுவரை போகும், எந்த வருஷத்திலிருந்து போகவில்லை?" என்று கேளுங்கள். தண்ணீரின் வரலாறு அதில் வந்துவிடும். அப்புறம் கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களை வரிசையாகப் பாருங்கள். தடை எந்த ஆண்டில் முளைத்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

3. ஊரும் அனுமதியும்

காப்புக்காடு என்றால் வனத்துறை இல்லாமல் ஒரு மண்வெட்டி மண்கூட எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. புறம்போக்கு என்றால் வருவாய்த்துறையைக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. அலையாத்தி இருக்கும் இடங்கள் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் பிரிவில் வருகின்றன. 1000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதிகாரி மாறினால் வாய்மொழி அனுமதி காற்றோடு போய்விடும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஊரில் உட்கார்ந்து பேச வேண்டும். மீனவர் பஞ்சாயத்தோடு நின்றுவிடாதீர்கள். அந்தச் சதுப்பை யாரெல்லாம் பயன்படுத்துகிறார்களோ அத்தனை பேரையும் தேடிப் போங்கள். பிச்சாவரம் பக்கத்தில் இருளர் குடும்பங்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். பல ஊர்களில் பெண்கள் விறகு பொறுக்குகிறார்கள், நண்டு தோண்டுகிறார்கள். ஆடு மாடு மேய்ப்பவர்கள் பெரும்பாலும் வேறு தெருக்காரர்கள், கூட்டத்துக்கு அவர்களை யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். கடைசியில் உங்கள் நாற்று பிழைப்பதும் சாவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

கூட்டத்தில் தீர்க்க வேண்டிய விஷயங்கள்: எந்த ஓடையில் வலை கட்டலாம், எந்தப் பக்கம் மேய்ச்சலுக்கு விடுவது, விறகுக்கு என்ன மாற்று, மண் வெட்டும் கூலி யாருக்கு. கூலி வேலையைச் சதுப்பை நம்பி வாழும் குடும்பங்களுக்கே கொடுங்கள். வெட்டியவர்களே பிறகு காவலும் இருப்பார்கள். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்த இடங்களில் வேலை சீக்கிரம் முடிந்திருக்கிறது, பிறகு வாய்க்கால் தூர்ந்தபோது அது யாருடைய வேலை என்று யாருக்கும் தெரியவில்லை.

4. மட்டமும் உப்பும் அளப்பது

அலையாத்தி வளரும் இடம் ஒரு குறுகிய பட்டை. சராசரி கடல் மட்டத்துக்குச் சற்று மேலிருந்து, அமாவாசை பௌர்ணமி ஏற்றம் தொடும் உயரம் வரைதான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பத்து மீட்டர் வரை வேறுபாடு இருக்கும். நம் கரையில் அது ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது, பாக் நீரிணைப் பக்கம் அதற்கும் குறைவு. ஆகவே இங்கே ஒரு சாண் மட்டம் தப்பினால் நாற்று ஒன்று மூழ்கிச் சாகும், இல்லை காய்ந்து சாகும். இந்தப் படியை "தோராயமாக" முடிப்பவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள்.

அளப்பது கடினமில்லை. பக்கத்தில் நன்றாக இருக்கும் காட்டுக்குப் போங்கள். அசையாத ஒன்றை, பாலத்தூண், படித்துறை எதையாவது, அடையாளமாக வைத்துக்கொண்டு டியூப் லெவலால் இரண்டு உயரங்களைக் குறியுங்கள்: உயிரோடு இருக்கும் மரங்களில் மிகத் தாழ்வான இடத்தில் நிற்பது, மிக மேட்டில் நிற்பது. உங்கள் நிலம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பிறகு அதே அடையாளத்திலிருந்து உங்கள் நிலத்தைப் பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் அளந்து நோட்டில் வரையுங்கள். பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று ஒரு படம் கிடைக்கும்.

தண்ணீர் எங்கே வரை ஏறுகிறது என்று பார்க்க, மூங்கில் குச்சிகளில் சாக்பீஸை அழுத்தித் தேய்த்து ஊன்றுங்கள். மறுநாள் அழிந்திருக்கும் உயரம்தான் நேற்றைய ஏற்றம். அமாவாசையை ஒட்டி ஒருமுறை, அட்டமியை ஒட்டி ஒருமுறை கட்டாயம் பாருங்கள். அமாவாசை ஏற்றத்தை மட்டும் பார்த்துவிட்டு "நன்றாகத் தண்ணீர் வருகிறது" என்று திரும்புகிறவர்கள் அட்டமி நவமியில் அதே நிலம் நாள்கணக்கில் காய்வதைப் பார்ப்பதில்லை.

உப்பை மேல்தண்ணீரில் அளக்காதீர்கள். ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, ஊறி வரும் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, ஒரு சொட்டை ரெஃப்ராக்டோமீட்டரில் விடுங்கள். வேரைத் தொடப்போவது அந்தத் தண்ணீர்தான். கடல்நீர் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு காட்டும். கோடையில் உங்கள் குழி அதைப்போல இரண்டு மடங்கு காட்டினால் வாய்க்கால் இல்லாமல் வேலை இல்லை என்று அர்த்தம். கருவி இல்லாதபோது, உவர்நிலத்தில் வளரும் உமரி உதவும். உமரிச் செடி பரவலாக இருந்தால் நிலத்தில் இன்னும் உயிர் இருக்கிறது. உமரிகூட இல்லாமல் வெள்ளை பூத்துக் கிடந்தால் உப்பு மிக முற்றிவிட்டது.

5. பின்னால் இடம் இருக்கிறதா?

கடல் மட்டம் 2006 முதல் 2018 வரை உலகச் சராசரியாக ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் உயர்ந்ததாக ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவின் ஆறாவது அறிக்கை சொல்கிறது. கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் அலையாத்திப் பட்டையே ஒரு மீட்டருக்குள் அடங்குவது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். காடு இதைச் சமாளிக்க இரண்டு வழிகள்தான் உண்டு: வேரில் வண்டலைப் பிடித்துத் தரையை உயர்த்திக்கொள்வது, அல்லது தலைமுறை தலைமுறையாக நிலப்பக்கம் நகர்வது. அணைகளும் மணல் அள்ளுவதும் வண்டலைக் குறைத்துவிட்டதால் இரண்டாவது வழியைத் திறந்து வைத்தே ஆக வேண்டும்.

அதனால் படத்தில் நிலப்பக்க எல்லையை வரையுங்கள். அங்கே தடுப்புச்சுவரோ தார்ச்சாலையோ இருந்தால் உங்கள் காடு நகர முடியாமல் நெரிபடும். கைவிட்ட உப்பளமோ, பயிர் ஏறாத உவர்நிலமோ, சீமைக்கருவேலம் மண்டிய மேடோ இருந்தால் அதையும் சேர்த்து இப்போதே ஊரோடு பேசி ஒதுக்கி வையுங்கள். இரண்டு இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் பின்னால் இடம் உள்ளதையே எடுங்கள், மற்றதில் மண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

6. வாய்க்கால் வெட்டுவது

வேலையின் உயிர்நாடி இதுதான். மீன் முள் வடிவம் என்று சொல்வார்கள்: இயற்கை ஓடையிலிருந்து உள்ளே ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சுமார் 45 பாகை சாய்வில் கிளை வாய்க்கால்கள். செங்குத்தாக வெட்டினால் திரும்பும் இடத்தில் தண்ணீர் மோதிக் கரையை அரிக்கும், வண்டல் மூலையில் தங்கும். சாய்வாக இருந்தால் ஓட்டம் தடைபடாது.

குறுக்குவெட்டு மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கட்டும். தாய் வாய்க்காலுக்கு மேல் அகலம் மூன்று மீட்டர், அடி அகலம் ஒரு மீட்டர், ஆழம் ஒரு மீட்டர் என்ற அளவை ஒட்டி வைக்கலாம். கிளைகளுக்கு இரண்டு மீட்டர், அரை மீட்டர், முக்கால் மீட்டர். நிலத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். சரிவு எதற்கு? செங்குத்துக் கரை முதல் மழையிலேயே இடிந்து விழும் என்பது ஒரு காரணம். இன்னொன்று முக்கியமானது: நாளை நாற்று நிற்கப்போவது அந்தச் சரிவின் நடுவில். தினமும் நனையும், தினமும் வடியும் இடம் அது ஒன்றுதான்.

இப்போது, கிட்டத்தட்ட எல்லோரும் செய்யும் பிழை. ஆழத்தைத் தரையிலிருந்து அளக்கிறார்கள். "எல்லா இடத்திலும் ஒரு மீட்டர் ஆழம்" என்று ஆட்களிடம் சொல்லிவிடுகிறார்கள். நிலத்தின் நடுப்பகுதிதான் பள்ளமாயிற்றே! அங்கே ஒரு மீட்டர் இறக்கினால் வாய்க்காலின் அடி, வாய்ப்பகுதியைவிடத் தாழ்ந்துபோகும். தண்ணீர் உள்ளே வரும், திரும்பாது. பழைய நோயைப் புதிய வாய்க்காலுக்குள் கொண்டுபோனது போலாகும். அடிமட்டத்தை எப்போதும் உங்கள் நிலையான அடையாளத்திலிருந்து டியூப் லெவலால் அளந்து, உள்ளிருந்து ஓடை நோக்கிச் சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டே வரும்படி குச்சி ஊன்றி நூல் கட்டுங்கள். வெட்டுகிறவர்கள் நூலைப் பார்த்து வெட்டட்டும்.

வெட்டிய மண்ணை என்ன செய்வது என்பதில் அடுத்த பிழை. இருபுறமும் நீளக் கரையாகப் போட்டுவிடுவார்கள், பார்க்க ஒழுங்காக இருக்கும். அந்தக் கரை, வாய்க்காலில் ஏறும் தண்ணீர் நிலத்தில் பரவாமல் தடுத்துவிடும். மண்ணை மெல்லிசாகப் பரப்புங்கள், அல்லது சில மீட்டருக்கு ஒரு இடைவெளி விட்டுக் குவியல் குவியலாகப் போடுங்கள். பக்கத்தில் மரங்கள் இருந்தால் அவற்றின் மூச்சுவேர்கள் மேல் ஒரு கூடை மண்கூட விழக் கூடாது. சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு நிமிர்ந்து நிற்கும் அந்த வேர்களின் வழியாகத்தான் மரம் மூச்சு விடுகிறது. மூடிவிட்டால் நாற்று நட வந்தவர்கள் பழைய மரத்தைக் கொன்ற கதை ஆகிவிடும்.

பொக்லைன் இயந்திரத்தைச் சதுப்புக்குள் இறக்காதீர்கள். அதன் எடையில் சேறு இறுகி, நண்டு வளைகள் நசுங்கி, தண்ணீர் உள்ளிறங்காத கட்டாந்தரை ஆகிவிடும். பண்ணைக் கரையை உடைப்பதற்கு மேட்டில் நிறுத்தி வேண்டுமானால் பயன்படுத்தலாம்.

வரிசை: உள்பக்கத்திலிருந்து தொடங்கி ஓடையை நோக்கி வெட்டி வாருங்கள். ஓடையைத் தொடும் வாய்ப்பகுதியைக் கடைசியில் திறங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஏற்றத்திலும் வேலை செய்யும் இடம் நிரம்பும், அளவும் தப்பும். வாய் திறந்த பிறகு ஒரு முழு வற்றத்தின்போது உள்ளே நடந்து பாருங்கள். எங்காவது குட்டையாகத் தண்ணீர் நின்றால் அங்கே அடிமட்டம் தவறு, அன்றைக்கே சரிசெய்யுங்கள்.

7. ஒரு மழைக்காலம் காத்திருங்கள்

பொறுமை இல்லாதவர்கள் உடைந்துபோகும் படி. ஐப்பசி, கார்த்திகை மழையும் தினசரி ஏற்ற வற்றமும் சேர்ந்து மண்ணின் உப்பைக் கழுவட்டும். மாதம் ஒருமுறை அதே இடங்களில் குழி தோண்டி உப்பை அளந்து எழுதிவையுங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்தால் வாய்க்கால் வேலை செய்கிறது.

காத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்தில் காய்க்கும் மரங்கள் இருந்தால் தண்ணீரே விதை கொண்டுவந்து போடும். தானாக முளைத்த கன்று தனக்குச் சரியான மட்டத்தில்தான் நிற்கும், எந்த இனம் எங்கே பிழைக்கும் என்பதையும் காட்டிக் கொடுக்கும். மழை முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். போதுமான அளவு வந்திருந்தால் நடவே தேவையில்லை, அந்தப் பணத்தைக் காவலுக்கும் தூர்வாரவும் வைத்துக்கொள்ளலாம். நன்கொடை தந்தவருக்கு "நாங்கள் ஒன்றும் நடவில்லை" என்று சொல்லத் தயக்கமாக இருக்கும். தயங்காமல் சொல்லுங்கள், கன்றுகளைக் காட்டுங்கள்.

புயலடித்த காட்டுக்கும் இதே விதிதான். 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டைக் கடுமையாகத் தாக்கியது. அதுபோன்ற சேதத்துக்குப் பிறகு முதல் வேலை ஓடைகளை அடைத்துக் கிடக்கும் மரங்களை அகற்றித் தண்ணீருக்கு வழிவிடுவது. பட்டுப்போன மரங்களின் அடியில் ஏற்கெனவே முளைத்திருக்கும் கன்றுகளை மிதிக்காமல் இருப்பது இரண்டாவது.

8. விதையும் நாற்றங்காலும்

எந்த இனம் என்பதை மட்டம்தான் முடிவு செய்யும். ஓடைக் கரையோரம், தினமும் நனையும் மென்சேற்றில் சுரபுன்னை. அதற்குப் பின்னால் உப்பு ஏறும் பரப்பில் வெண்கண்டல், முத்துப்பேட்டையின் பெரும்பகுதி இதுதான். மேட்டில், நிலப்பக்கம் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்த அதே மரம். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், கையாளும்போது கவனம்.

புதியவர்கள் எல்லோரும் சுரபுன்னையையே நாடுகிறார்கள். காரணம் எளிது: அதன் விதை மரத்திலேயே முளைத்து, நீளமான பச்சைக் குச்சியாகத் தொங்கும். பொறுக்குவது சுலபம், குத்துவதும் சுலபம். அந்தச் சுலபம்தான் ஆபத்து. இலங்கையில் 23 நடவு இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நட முயன்றதில் 200 முதல் 220 ஹெக்டேர்தான் தேறியது என்று கண்டது. ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில் பொருந்தாத இனத்தைக் குத்தியதும், நட்ட பிறகு திரும்பிப் பார்க்காததும் முக்கியக் காரணங்கள்.

சுரபுன்னையில் முதிர்ந்த முளையை அடையாளம் காண, மேலே காயோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே மஞ்சள் வளையம் தெரிந்தால் முதிர்ந்துவிட்டது, லேசாக இழுத்தாலே கழன்று வரும். பலவந்தமாகப் பிய்க்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். துளை விழுந்ததையும் வளைந்து சுருங்கியதையும் ஒதுக்குங்கள்.

வெண்கண்டல் காய் பருவமழையை ஒட்டிப் பழுக்கும். பச்சையிலிருந்து வெளிர்மஞ்சளுக்கு வந்ததை எடுத்து ஓடைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஒன்றிரண்டு நாளில் மேல்தோல் தானாகக் கழன்று, மடிந்த இரண்டு பருப்புகளும் வெளியே வரும். தோல் கழலாதது முதிராதது. இந்த விதை காயக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கவும் கூடாது. நிழலில் ஈரச் சாக்கில் மூடிச் சில நாட்களுக்குள் விதைத்துவிடுங்கள்.

நாற்றங்காலை ஏற்றம் நனைத்துவிட்டு வடியும் இடத்தில் போடுங்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஊற்றித் தளதளவென்று வளர்த்த நாற்று சதுப்பில் வைத்ததும் சுருண்டுவிடும். பைகளில் ஓடை வண்டலை நிரப்புங்கள், உரம் வேண்டாம். நண்டும் ஆடும் வராமல் பழைய வலை கட்டுங்கள். அடுத்த கோடை முழுவதையும் நாற்றங்காலில் கடந்த நாற்றுதான் நடவுக்குத் தகுதியானது.

9. நடவு

ஐப்பசியில் மழை பிடித்து, மண்ணின் உப்பு இறங்கிய பிறகு தொடங்குங்கள். மாசி, பங்குனியில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் கோடை உப்பு வந்துவிடும். அட்டமியை ஒட்டிய நாட்களில் தண்ணீரின் வேகம் குறைவு, நட்டது அசையாமல் நிற்கும்.

வாய்க்கால் சரிவின் நடுப்பகுதியில், ஒன்று முதல் இரண்டு மீட்டர் இடைவெளியில் வையுங்கள். அடியில் வைத்தால் மூழ்கும், உச்சியில் வைத்தால் காயும். பையைக் கிழித்து வெளியே எடுத்துத்தான் நட வேண்டும். நட்ட பைகளின் எண்ணிக்கையும் திரும்பி வந்த காலிப் பைகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா என்று மாலையில் சரிபாருங்கள். பையோடு புதைத்துவிட்டுப் போகும் தன்னார்வலர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள்.

சுரபுன்னையை நேரடியாகக் குத்துவதென்றால் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போனால் போதும். தலைகீழாகக் குத்துவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. முளையைக் கையில் பிடித்துப் பாருங்கள்: காயிலிருந்து கழன்ற நுனியில் மெல்லிய, கூரான மொட்டு இருக்கும், அது வானம் பார்க்க வேண்டும். பருத்து, பழுப்பேறித் தொங்கிய முனைதான் சேற்றுக்குள் போவது. நடவுக்கு முன்னால் ஒவ்வொருவர் கையிலும் ஒன்றைக் கொடுத்து, எது தலை என்று காட்டச் சொல்லுங்கள்.

10. முதல் மூன்று ஆண்டுகள்

வாய்க்கால் தூரும். அதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். மழைக்குப் பிறகு ஒருமுறை நடந்து பார்த்து, வாய்ப்பகுதியிலும் கிளை சேரும் இடங்களிலும் வண்டலை வாருங்கள். முதல் மூன்று ஆண்டுகளுக்கு இந்தக் கூலியைத் திட்டச் செலவில் எழுதிவிடுங்கள்.

மாடும் ஆடும் வெண்கண்டல் இலையை விரும்பித் தின்னும். வேலிக்கு வெட்டிய சீமைக்கருவேல முள் போதும், ஆனால் அதை நிலப்பக்கத்தில் மட்டும் போடுங்கள். வாய்க்காலின் குறுக்கே போட்டால் குப்பை சேர்ந்து அணையாகிவிடும்.

கன்றின் தண்டில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு பரவாயில்லை. தண்டு முழுக்க அப்பியிருந்தால் அந்த இடம் அதிக நேரம் தண்ணீருக்குள் இருக்கிறது, அதாவது மட்டம் தாழ்வு. சுரண்டி எடுத்துப் பயனில்லை. செத்த இடத்திலேயே மறுநடவு செய்வதை நிறுத்திவிட்டுச் சரிவில் மேலே ஏற்றி வையுங்கள். பாசியும் அறுந்த வலைத் துண்டும் கன்றில் சுற்றினால் அலை அதைப் பிடுங்கிவிடும், வாரம் ஒருமுறை ஆள் போய் அகற்ற வேண்டும்.

11. கணக்கெடுப்பு

எத்தனை நட்டோம் என்ற எண்ணைப் பெயர்ப்பலகையில் எழுதுவதை விடுங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் எத்தனை உயிரோடு இருக்கிறது, நடாமலே எத்தனை வந்திருக்கிறது என்ற இரண்டும்தான் கணக்கு. ஐந்தாம் ஆண்டில் மறுபடி எண்ணுங்கள்.

மரத்தோடு மற்ற உயிர்களையும் எண்ண வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிற்றுச் சதுரம் போட்டு அதற்குள் நண்டு வளைகளை எண்ணுவது பள்ளிப் பிள்ளைகளே செய்யக்கூடிய வேலை. ஒவ்வொரு ஆண்டும் அதே மாதம், அதே இடம், வற்ற நேரம். வளைகள் கூடினால் மண்ணுக்குள் காற்றும் தண்ணீரும் போகின்றன என்று பொருள், கன்றுகள் பெரிதாகும் முன்பே இது தெரிந்துவிடும். வாய்க்காலில் மடவை மீனும் இறால் குஞ்சும் வருகின்றனவா என்று வலை போடுகிறவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பறவைகளுக்குக் காலை நேரத்தில் ஒரே இடத்தில் நின்று எண்ணுவது போதும். உப்பு அளக்கும் குழிகளையும் விட்டுவிடாதீர்கள். நான்கு மூலைகளில் கம்பம் நட்டு, அதே கம்பத்திலிருந்து அதே திசையில் ஆண்டுக்கு ஒரு படம் எடுத்துவையுங்கள்.

நோட்டின் ஒரு பிரதி ஊர்க் குழுவிடம் இருக்கட்டும், இன்னொன்று வனச்சரக அலுவலகத்தில். அடிமட்ட அளவுகளும் நிலையான அடையாளம் எது என்பதும் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து அந்த வாய்க்காலைத் தூர்வார வருகிறவருக்கு எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும்.